பார்க்கிங்கில் எழுந்த சுவர்

அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் அவருக்கு 'நடுக்கம்' என்று பெயர். நிலநடுக்கம் வந்தால் எந்தக் கட்டடம் தாங்கும், எது தாங்காது என்று பார்த்துச் சொல்வது நகராட்சியில் அவருடைய உத்தியோகம். கல்யாணம் காட்சி என்று எதுவும் ஆகாமலே ஐம்பதைத் தாண்டிவிட்ட மனிதர். பகலெல்லாம் ஊரார் வீட்டுத் தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் தன் வீட்டைத் திறந்தால், "வந்துட்டீங்களா" என்று கேட்க உள்ளே ஒரு ஈ காக்காய் கிடையாது.

அதனால் அவர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. தரைத்தளத்தில், கார்கள் நிற்கிற இடத்தில், ஒரு மேசையைப் போட்டுச் சீட்டுக் கச்சேரி நடக்கும். முதல் மாடி மருந்துக்கடைக்காரர்தான் அவருக்கு ஜோடி. இன்றைக்கு எந்த வீட்டைப் பயமுறுத்திவிட்டு வருகிறீர்கள் நடுக்கம், என்று அவர் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள், இவரும் சிரிப்பார். மிச்ச நேரமெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கையில் நல்ல சீட்டு வந்த யோசனையில் முதுகைத் தூணில் சாய்த்தவர், நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். மேலே எல்லா மாடியிலும் தூணுக்குத் தூண் சுவர். கீழே, கார் நுழைய வேண்டும் என்று ஒரு சுவர்கூட இல்லை, வெறும் கால்கள். பூமி ஆடினால் மேலே உள்ள வீடுகள் ஒரு பெட்டி மாதிரி இறுகி நிற்கும். ஆட்டம் முழுவதும் இந்தக் கால்களில் இறங்கும். அவை முறிந்தால் முதல் மாடி இந்த மேசைமேல் வந்து உட்கார்ந்துவிடும். தான் தினமும் சாய்கிற தூணைப் பார்க்க இத்தனை வருஷம் ஆயிற்றே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் சொன்னார். சில தூண்களுக்கு நடுவே கம்பி கட்டிக் கான்கிரீட் சுவர் எழுப்பினால் போதும். ஆனால் மூன்று கார் நிற்கிற இடம் போய்விடும். அதில் ஒன்று மருந்துக்கடைக்காரருடையது. சீட்டு மேசைக்கும் இடம் இருக்காது. இத்தனை காலம் நின்ற கட்டடம் உங்கள் கண்ணுக்கு மட்டும் ஆடுகிறதா என்று கேட்டார்கள். கை தூக்கச் சொன்னபோது அவர் கை மட்டும்தான் மேலே போயிற்று.

ஊர் வம்பு உனக்கு எதற்கு, வேறு வீடு பார்த்துக்கொண்டு போயேன் என்று தங்கை போனில் சொன்னாள்.

"நான் போயிடலாம்மா. அவங்க இங்கதானே தூங்குவாங்க?"

கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தார். சீட்டாடவும் போனார். எதிரே மருந்துக்கடைக்காரர் சிரிக்கும்போது, அந்தத் தலைக்கு மேலே இருக்கிற மாடிதான் இவர் கண்ணில் பட்டது. கடைசியில் தன் அலுவலகத்திலேயே தன் கட்டடத்தின் மேல் புகார் கொடுத்தார். சுவர் கட்டியே தீர வேண்டும் என்று உத்தரவு வந்து வாசல் கேட்டில் ஒட்டப்பட்டது. இது யார் கைவேலை என்று யாருக்கும் சந்தேகமில்லை. மருந்துக்கடைக்காரர் படியேறி வந்தார். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"கூட உக்காந்து சீட்டாடிக்கிட்டே முதுகுல குத்திட்டீங்களே சார்."

திட்டியதைவிட அந்த 'சார்'தான் அவரைச் சுட்டது.

சுவர்கள் எழுந்தன. சீட்டுக் கச்சேரி மொட்டைமாடிக்குப் போயிற்று. அவரை யாரும் கூப்பிடவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் மொபைலைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். மேல்மாடியில் இருந்த அவர் சமையலறைக்கு அந்தச் சிரிப்பெல்லாம் கேட்கும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யார் என்ன சீட்டு இறக்கியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டிருப்பார். தனியாக இருந்து பழகினவர்தான். ஆனால் இத்தனை பேர் குரலுக்கு நடுவே தனியாக இருப்பது அவருக்குத் தாங்க முடியவில்லை. செய்தது சரி என்று தெரியும், தெரிந்து என்ன பிரயோசனம்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் பூமி ஆடியது. அலமாரிகள் கவிழ்ந்தன, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ஆட்டம் நின்றதும் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அவர் மட்டும் பார்க்கிங்குக்குள் நுழைந்தார். சுவர் ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை விரிசல், பெருக்கல் குறி போட்ட மாதிரி. தூண்களைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. வந்த ஆட்டத்தையெல்லாம் சுவர்கள் தங்கள் மேல் வாங்கிக்கொண்டு வெடித்திருந்தன. சுவர் இல்லாதிருந்தால் இந்தத் தூண்கள்தான் முறிந்திருக்கும்.

பின்னாலேயே மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்த மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னார்:

"பாத்தீங்களா, கட்டடத்துக்கு ஒண்ணுமே ஆகல. பழைய தூணெல்லாம் அப்படியே நிக்குது. இவர் கட்டவெச்ச சுவருதான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது."

ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். கலவையில் சிமெண்டே போடவில்லை என்றார் ஒருவர். கார் நிறுத்துகிற இடமும் போய், சுவரும் போய், இதுதான் பெரிய படிப்புப் படித்த லட்சணமா என்றார் இன்னொருவர். சுவர் ஏன் வெடித்தது, தூண் ஏன் தப்பித்தது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அதற்குள் எதிரே நின்றவர்கள் கண்ணில் பட்டார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவி ஈரத் தலையோடு நின்றிருந்தாள். இரண்டாம் மாடிக் குழந்தை தூக்கக் கலக்கத்தில் அப்பா தோளில் சாய்ந்திருந்தது. வீட்டுக்குள் இருந்த அத்தனை பேரும், ஒருவர் குறையாமல், அவரைத் திட்ட வந்து நின்றார்கள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவரிடம் பேசுகிறார்கள்.

அவர் விம்மி அழுதுவிட்டார். செய்த தப்புக்குத்தான் அழுகிறார் என்று நினைத்து மருந்துக்கடைக்காரர் பேச்சை நிறுத்தினார். "சரி, விடுங்க" என்று மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.