ஊசிமலை என்று ஒன்று கிடையாதாம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கொழும்பில் புதிதாகத் திறந்த ஒரு முதலீட்டு வங்கி என்னை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தது. இருந்தது இரண்டே இடம். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணான எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பதுளையில் புடவைக்கடைக்காரர் மகளான என் பள்ளித்தோழி பரீதா, அப்பாவின் கல்லாவில் அதிகாரி போல உட்கார்ந்து என்னை ஆங்கிலத்தில் குடைந்தெடுப்பாள். பங்கு, வட்டி, அந்நியச் செலாவணி எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தேன்.

"கால ஆட்டாம இருடி, அதுலயே தோத்துருவ" என்பாள். ரயிலிலும் ஆட்டிக்கொண்டேதான் போனேன்.

அங்கே முதல் கேள்வியே, எந்தத் தோட்டம் என்பதுதான்.

"ஊசிமலை" என்றேன்.

நடுவில் இருந்த அதிகாரி என் விண்ணப்பத்தைப் பார்த்தார். முகம் மாறியது. "இதில் கில்பார்டன் என்று இருக்கிறதே? அந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் எனக்குத் தெரியும். ஊசிமலை என்று ஒன்று கிடையாது."

பொய்க்காரி என்று முடிவுகட்டிவிட்டார். விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயர். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரும் கில்பார்டன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. படித்ததெல்லாம் பறந்துபோய்க் கோபம்தான் வந்தது.

"இரண்டும் ஒன்றுதான் சார். வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர் கில்பார்டன். அங்கே பிறந்தவர்கள் சொல்வது ஊசிமலை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வேலை கிடைத்தது. பரீதாவோ, "நா அதக் கேக்கவே இல்லயேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் எந்த விண்ணப்பத்திலும் பிறந்த இடத்துக்கு இரண்டு பெயரையும் எழுதுகிறேன். ஊசிமலை முதலில். கில்பார்டன் அடைப்புக்குறிக்குள்.