ரோஜா ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பொத்தான்

அந்தத் தெருவில் ஜெராக்ஸ் அக்கா எங்கே என்று கேட்டால் கைக்குழந்தையும் கை காட்டும். நகல் எடுப்பாள், விண்ணப்பம் நிரப்புவாள், வாடகை ஒப்பந்தம் அடித்துக் கொடுப்பாள், கேட்காமலே புத்திமதியும் சொல்வாள். புத்திமதிக்கு மட்டும் காசு வாங்குவதில்லை; வாங்கியிருந்தால் மாடி கட்டியிருப்பாள். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நகல் இயந்திரம், ஒரு பிரிண்டர், மேசை மேல் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். ஆனால் தெருமுனைக் கடை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற இடம். வினையே அதில்தான் இருந்தது.

அக்காவுக்கு ஒரு தம்பி. பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்தார்கள்; தெருக்காரர்கள் அவனை 'அப்டேட்' என்பார்கள். கம்ப்யூட்டர் விற்கிற கடையில் வேலை. ஒரு போனை வாங்கிப் பெட்டியைப் பிரிப்பதற்குள் அவன் மனசு அடுத்த போனுக்குத் தாவிவிடும். பல் துலக்குகிற பிரஷ்ஷுக்குக்கூட சார்ஜ் போடுகிறவன். அவனுக்குத் தனிக்கடை போட ஆசை; அதற்கு அவன் கண் வைத்த இடம் அக்காவின் முனைக்கடை. நேராகக் கேட்டால் அக்கா விளக்குமாற்றைத் தேடுவாள் என்று தெரியும். ஆகவே கம்ப்யூட்டரைச் சாகடிக்கத் தொடங்கினான். வாயால்தான்.

"இது செத்துப்போச்சுக்கா. அடக்கம் பண்றதுதான் பாக்கி."

"செத்தது உங்கிட்ட வந்து சொல்லுச்சா?" என்று கேட்டுவிட்டு அக்கா வேலையைப் பார்ப்பாள்.

என்ன செய்ய, கம்ப்யூட்டரும் அவன் கட்சிதான். அதில் இருந்த பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறுங்கள் என்று திரையின் வலது கீழ் மூலையில் ஒரு அறிவிப்பு எட்டிப் பார்க்கும். மூடினால் போகும். வழியனுப்பிய பிறகும் வாசலில் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி மறுபடி வரும். அதைப் பார்த்து ஒருவர், மிஷினுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்க, அக்காவுக்கு மானம் போயிற்று. விற்பதற்கு வைத்திருந்த ரோஜாப்பூ ஸ்டிக்கரில் பெரியதாக ஒன்றை உரித்து, அந்த மூலையில் பச்சக்கென்று ஒட்டிவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு வைத்தியம் எதற்கு?

ஒரே ஒரு சங்கடம். விண்ணப்பங்களில் 'சமர்ப்பி' என்கிற பொத்தானும் அதே மூலையில்தான் வரும். அக்கா அம்புக்குறியை ரோஜாவுக்கு அடியில் அனுப்பிக் குத்துமதிப்பாக அழுத்துவாள். கை பழகிவிட்டது. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்தது ரோஜாவுக்கு அடியில்தான்.

ஒரு திங்கட்கிழமை, கடை நிறைய ஆள். அக்கா வழக்கம்போல ரோஜாவை அழுத்தினாள். அடியில் இருந்தது விண்ணப்பப் பொத்தான் இல்லை. 'புதியதற்கு இப்போதே மாற்று' என்று அறிவிப்பு நீட்டிய பொத்தான். கிழட்டு இயந்திரம் தன் உடம்புக்கு ஆகாததை வாயில் போட்டுக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நாள் முழுக்க ஒரு வட்டத்தைச் சுற்றிக் காட்டியது. அணைத்துப் போட்டால் வெறும் கறுப்பு.

அப்டேட் வந்தான். முகத்தில் துக்க வீட்டுக் களை, கையில் அளவு டேப். ஆறுதல் சொல்லிக்கொண்டே சுவரை அளந்தான். அடுத்த திங்கட்கிழமை பெயர்ப்பலகையோடு வருவதாகவும், எல்லாம் புத்தம் புதுசாக மாறப்போவதாகவும், அக்கா சும்மா கல்லாவில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றும் சொன்னான். தன் கடையில் தம்பிக்குக் காவல் உட்காருவதா? அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் கணவரிடம் போனில் புலம்பினாள். எதற்கும் "உன் இஷ்டம்" என்கிற அந்த மனிதர் அன்றைக்கு அதிசயமாக ஒரு யோசனை சொன்னார்: என் தங்கச்சியைக் கேட்டுப் பாரேன்.

தங்கச்சி, அதாவது அக்காவின் நாத்தனார், கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள். இருவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சில்லை. ஒரு விருந்தில், "காப்பி எடுக்கிறவங்களுக்குச் சொந்த மூளை எதுக்கு அண்ணி?" என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் அன்றே மறந்துவிட்டாள். அக்கா எதையும் மறக்கிற ஜாதி இல்லை. ஆனால் மானத்தைப் பார்த்தால் கடை போகும். கணவர் மூலமாகச் சொல்லி அனுப்பினாள்.

நாத்தனார் வந்தாள். சுவரைப் பார்த்து, "யாராவது அந்தப் பிளக்கைப் போடுங்க" என்றாள். கடையில் அக்காவைத் தவிர யாரும் இல்லை. அக்காவும் சுவருக்கே தலையாட்டிவிட்டுப் போட்டாள். நாத்தனார் ஒரு பென்டிரைவைச் செருகினாள். அதிலிருந்தே ஒரு புதுத் திரை எழுந்து வந்தது. அக்கா அடித்துச் சேர்த்த அத்தனை ஒப்பந்தமும் கடிதமும் டிஸ்கில் பத்திரமாக இருந்தன. அக்கா முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தாள்.

பழைய சிஸ்டத்துக்குப் பதிலாக ஓடுகிற இதன் பெயர் லினக்ஸ், எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை என்றாள் நாத்தனார். எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். காசு கிடையாது. கிழட்டு இயந்திரங்களுக்கென்றே எடை குறைந்த ரகங்கள் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். ஏற்றச் சொன்னால் ஏற்றும், வேலை நடுவில் கழுத்தைப் பிடிக்காது. பிடித்தால் உள்ளே ஏற்றலாம், பிடிக்காவிட்டால் பென்டிரைவை உருவிவிடலாம்.

"எல்லாம் நடக்கும்னு சொல்லமாட்டேன்," என்றாள். "நீங்க ரப்பர் ஸ்டாம்ப் டிசைன் பண்ற சாஃப்ட்வேர் இதுல ஓடாது. வேற ஒண்ணு பழகணும்."

அக்கா மூஞ்சியைச் சுளித்தாள். அவளுக்குக் கவலை வேறு. பழைய பிரிண்டர் இதற்கு வழிப்படுமா? அவள் விரலுக்குப் பழகிய டைப்ரைட்டர் விசைமுறை இருக்குமா? அடித்துப் பார்க்கச் சொன்னாள் நாத்தனார். அக்கா ஒரே வரி அடித்தாள். பிரிண்டர், தனக்கு யார் கட்டளை போடுகிறார்கள் என்றே கேட்காமல், தாளைத் துப்பியது. அக்கா அதை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

'காப்பி எடுக்கிறவங்களுக்குச் சொந்த மூளை எதுக்கு?'

நாத்தனார் படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பேச்சை மாற்ற அவசரப்பட்டு, "இந்த லினக்ஸை நீங்க எத்தனை பேருக்கு வேணும்னாலும் காப்பி எடுத்துக் குடுக்கலாம் அண்ணி. அதுக்கு அனுமதி இருக்கு. இது பரவினதே அப்படித்தான்" என்றாள்.

"அப்ப காப்பி எடுக்கிறது மூளையுள்ளவங்க செய்ற வேலைதானா?"

நாத்தனார் அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, முதல் முறையாகச் சுவரை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, "ஒரு டீ கிடைக்குமா அண்ணி?" என்றாள். மன்னிப்பு என்று அவள் வாயிலிருந்து வராது. அந்த டீதான் மன்னிப்பு. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா ரோஜாவைச் சுரண்டி எடுத்தாள். பொத்தான் பளிச்சென்று தெரிந்தது. கண்ணால் பார்த்து அழுத்துவது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

திங்கட்கிழமை அப்டேட் ஆட்டோவில் பலகையோடும் ஒரு புதுக் கம்ப்யூட்டரோடும் இறங்கினான். கடையில் கூட்டம், செத்தது ஓடிக்கொண்டிருந்தது. அவன் விடவில்லை. என்ன இருந்தாலும் புதுசு புதுசுதான் என்று எல்லார் முன்னாலும் தன் இயந்திரத்தை அக்காவின் பிரிண்டரோடு இணைத்துக் காட்டினான். அந்தப் பிரிண்டர் ரொம்பப் பழசு, தனக்குத் தெரியாது என்று புதுசு சொல்லிவிட்டது.

"உன்ன மாதிரியேதாண்டா," என்றாள் அக்கா. "சம்பளம் ஏறினதும் பழைய சொந்தத்த அடையாளம் தெரியாது."

பலகை அங்கேயே நின்றுவிட்டது. திரும்ப எடுத்துப் போக அவனுக்கு வெட்கம். அக்கா அதைக் குப்புறப் போட்டு இரண்டு முக்காலி மேல் வைத்து வாசல் பக்கம் ஒரு மேசை ஆக்கினாள். தெருவில் உதவாது என்று ஒதுக்கி வைத்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அதன் மேல் கொண்டுவந்து வைத்தார்கள். நாத்தனார் விட்டுப்போன பென்டிரைவை அக்கா செருகினாள். சில எழுந்தன. எழாததை அவளே, இது நிஜமாகவே செத்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அப்டேட்டும் வந்தான். அக்குளில், துண்டு சுற்றிய ஒரு லேப்டாப். அவனுடையதுதான், நன்றாக இருக்கும்போதே, இதுவும் பழசு, புதிய சிஸ்டம் ஏறாது என்று, அக்காவின் பழைய சிஸ்டத்தைக் கைவிட்ட அதே கம்பெனி அதற்கும் சொல்லிவிட்டதாம்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதக்கா."

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. லேப்டாப்பைத் துண்டிலிருந்து எடுத்தாள், தெருவைப் பார்த்தபடி அவனுடைய பலகை மேலேயே வைத்தாள், மூடியில் ஒரு ரோஜா ஸ்டிக்கரை ஒட்டினாள். பிறகு, "உனக்கு முன்னால நாலு பேர் இருக்காங்க, நில்லு" என்றாள்.