ரிலீவர்

தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரின் வாசல் பெஞ்சில், மத்தியான வெயிலில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளுத்த காக்கிச் சட்டையில் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். தலை தொங்கித் தூங்குவார். கதவு திறந்தால் விருட்டென்று நிமிர்ந்து, "ரிலீவர் வந்துட்டானா?" என்பார். வெளியே வருவது யாரோ நோயாளியாக இருக்கும். மறுபடி தலை தொங்கும்.

மறுபக்கம் அவர் மனைவி, கண்கள் சிவக்க உட்கார்ந்திருந்தார்.

"பென்னலூர்லேந்து வரோம் தம்பி. நைட் ஷிப்ட்டுல பாய்லர் பாத்தவரு. ரிலீவர்னு மாத்தி வுட அடுத்த ஆளு வராம எடத்த வுட்டு நகரக்கூடாதாமே. இப்போ என் பேரே தெரியல, அத மட்டும் மறக்கல. பகலெல்லாம் தூங்குறாரு. பொழுது சாஞ்சா அடுப்பாண்ட போய் நின்னுக்குவாரு, விடியற வரிக்கும். நானும் கூடவே நிக்கிறேன்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"மூளையில ராவும் பகலும் மாறிப்போச்சாம். இன்னும் ஜாஸ்தியாவுமாம்."

கதவு திறந்தது. அவர் நிமிர்ந்து, கம்பெனி யூனிஃபாரத்தில் இருந்த என்னிடமே அதைக் கேட்டார்.

"நான்தாண்ணே ரிலீவர். நீங்க கெளம்புங்க."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். "தண்ணி லெவல் எறங்காம பாத்துக்க" என்றார். அப்படியே மனைவியின் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

அந்த அம்மா தோளை அசைக்கவில்லை. "பொழுது சாய எங்க வூட்டாண்ட வரமுடியுமா தம்பி? இதே உடுப்புல?"

அந்த வாரம் எனக்கும் நைட் ஷிப்ட். சொன்னேன்.

"சரிப்பா" என்றார். "உனக்காச்சும் காலையில ரிலீவர் வந்துருவான்."