ஹாரியின் தப்பியோடும் குழு

வயோதிபர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தால் குளிப்பாட்டப் பழக்குவார்கள், கட்டில் விரிக்கப் பழக்குவார்கள், ஓடுகிறவரைத் துரத்த மட்டும் ஒருவரும் பழக்குவதில்லை. டென்மார்க்கில் மரச்செருப்போடு ஈரத் தரையில் ஓடிப் பார்த்த அக்காமாருக்கும் தங்கைச்சிமாருக்கும் நான் சொல்வது விளங்கும்.

நான் யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பு முடித்தவள். கூச்சக்காரி. யாரோடாவது கதைப்பதைவிடத் தரை துடைப்பது எனக்குச் சுகம். டென்மார்க்கின் கோல்டிங் நகரில் அப்பாவும் நானும் இருந்தோம், அம்மா ஊரில். அம்மாவைக் கூப்பிட அப்பா போட்ட விண்ணப்பம், அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் பலருடைய விண்ணப்பங்களைப் போல, கோப்பன்ஹேகனில் ஏதோ ஓர் அலுமாரிக்குள் படுத்துக் கிடந்தது. எப்போது கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அப்படியொரு நீண்ட பரிசீலனைக் காலத்தில்தான் ஹாரி வந்து சேர்ந்தார்.

வாலில் இருந்தவர்

ஹாரி ஆங்கிலேயர். உலகப் போரில் குண்டு போடும் விமானமொன்றின் வாலில் இருந்த துப்பாக்கிக்காரர். விமானம் முன்னுக்குப் போகும், அவர் மட்டும் பின்னுக்குப் பார்த்தபடி இருப்பார். ஜெர்மனியில் விமானம் விழுந்து, கைதிகள் முகாமில் அடைபட்டு, தப்பி, பிடிபட்டு, மறுபடி தப்பி, மறுபடி பிடிபட்டு, கடைசியில் உண்மையாகவே தப்பிவிட்டவர். போர் முடிந்ததும் ஒரு டேனிஷ்காரியைக் கட்டிக்கொண்டு கோல்டிங்கில் தங்கினார். மனைவி போனபின் எங்கள் இல்லத்துக்கு வந்தார். வந்த அன்றைக்கே யன்னல் கம்பிகளைத் தட்டிப் பார்த்தார்.

ஒருநாள் அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா என்றேன். விமானச் சத்தம் கேட்டால் அம்மா என்ன செய்வா என்று கேட்டார். மாமரத்துக்குக் கீழே வெட்டின பங்கருக்குள் இறங்குவா என்றேன். மற்றக் காலுறையை என் கையிலிருந்து வாங்கித் தானே போட்டுக்கொண்டார். பிறகு பேசியது ஆங்கிலத்தில்தான், ஆனாலும் எனக்கு அது எங்கள் ஊர்த் தமிழாகவே ஞாபகத்தில் நிற்கிறது:

“நான் மேல இருந்து பாத்த ஆள், பிள்ளை. கீழ நெருப்பு மட்டும்தான் தெரியும். சரி, எங்கட ஆள் ஒருத்தி இன்னும் முள்ளுக்கம்பிக்கு உள்ள நிக்கிறா. குழுவைக் கூட்டு.”

அவித்த கிழங்கு

முகாமில் தப்பியோடுவதற்கென்று ஒரு குழு இருந்ததாம். எங்கள் குழுவில் ஹாரி, நான், அடுத்த அறை இங்கெர். இங்கெருக்குக் காது கேட்காது. சதியென்றால் மட்டும் உடனே கேட்கும். நான் குழுவில் சேரவில்லை. சேரமாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டேன், அவ்வளவுதான்.

முகாமில் சுரங்கம் தோண்டிய மண்ணைக் காற்சட்டைக்குள் தொங்கும் பையில் நிரப்பி, முற்றத்தில் உலாவியபடியே நூலை இழுத்துக் கொட்டுவார்களாம். அம்மாவை மீட்க வெளிக்கிட முதல் கை பழக வேண்டும் என்று ஹாரி சொன்னார். இல்லத்தில் மண்ணுக்கு எங்கே போவது? ஆனால் அவித்த உருளைக்கிழங்குக்கு டென்மார்க்கில் என்றைக்குப் பஞ்சம்? மத்தியானச் சாப்பாட்டுக் கிழங்கைக் காலுறைக்குள் நிரப்பிக் காற்சட்டைக்குள் தொங்கவிட்டு, ரோசாப் பாத்தியோரம் மெல்ல நடந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு கிழங்காக விழுந்தது. வெண்ணெய்க் குழம்போடு.

மண்வெட்டியோடு வந்த தோட்டக்காரர் ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். தரை துடைக்கும் தடியோடு வாசலில் நின்ற என்னிடம் இரகசியமாகச் சொன்னார்:

“வாழ்க்கை முழுக்கத் தோட்டம்தான் செய்யிறன். அவிச்சுக் காய்க்கிற மண்ணை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

வழிச் சாப்பாடு

தப்பி வருகிறவருக்குக் கெடாத, பாரமில்லாத, தெம்பு தருகிற சாப்பாடு வேண்டுமென்று ஹாரி கட்டளையிட்டார். எனக்கு எள்ளுருண்டை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மீன் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த அப்பா அன்றைக்கே எள்ளை வறுத்தார். பனங்கட்டி கிடையாது. டேனிஷ்காரர் கேக்குக்கு ஊற்றும் கறுப்புச் சீனிப்பாணியைக் காய்ச்சி ஊற்றினார். பாணி இறுகிக் கருங்கல்லாகிவிட்டது. ஹாரி அவற்றைக் காலணிக்குள்ளும் தலையணைக்குள்ளும் ஒளித்து வைத்தார். படுக்கையைச் சோதிக்க வந்த எங்கள் பொறுப்பாளர் கிர்ஸ்டன் ஒன்றைக் கண்டெடுத்து, இதென்ன சொக்கலேட்டா என்று கடித்தார். பல்லில் ஒரு துண்டு போய்விட்டது.

வேலையும் போய்விடும், வேலையில்லாதவளின் அம்மாவையா கூப்பிட விடப்போகிறார்கள் என்று அழுதபடி வீட்டுக்குப் போனேன். அப்பா அமைதியாகக் கேட்டார்:

“நான் என்ன கடிக்கச் சொன்னனே? சூப்பத்தானே சொன்னனான்?”

கோப்பி நேரம்

கிர்ஸ்டன் நல்ல மனுசி. வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஹாரியின் கோட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினார், காலைக் கோப்பி மேசையில் தினமும் தலை எண்ணத் தொடங்கினார். இது தெரியாமல் செய்த வேலை. தலை எண்ணுவதை ஏமாற்றுவதில் ஹாரி பட்டம் பெற்றவர்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைகள் சரியாகவே இருந்தன. மேசையின் இந்த அந்தத்தில் இங்கெர் தொப்பியோடு இருந்தார். மற்ற அந்தத்தில் ஹாரியின் குல்லாய் பேப்பருக்கு மேலே தெரிந்தது. கிர்ஸ்டன் திரும்பிச் சீனி எடுக்கும்போது இந்த அந்தம் காலியாகும். நான் மட்டும் பார்த்தேன்: பேப்பரைப் பிடித்திருந்த விரல்களில் இங்கெரின் நகப்பூச்சு. அந்த வயதில், அந்த மூட்டுவலியோடு, இங்கெர் எப்படி இரண்டு அந்தத்துக்கும் இவ்வளவு கெதியாக ஓடினார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கிர்ஸ்டனும் கடைசியில் பேப்பரை விலக்கிப் பார்த்து, ஹாரி எங்கே என்று இங்கெரின் காதுக்குள் கத்தினார். இங்கெர் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

“கக்கூசுக்குப் போயிருக்கிறார். கோப்பன்ஹேகனில நல்ல கக்கூஸ் இருக்காம்.”

கைதிப் பரிமாற்றம்

ஹாரியிடம் ஓய்வூதியக்காரருக்கான ரயில் டிக்கெட் இருந்தது. அப்படியிருந்தும் டிக்கெட் பரிசோதகரைக் கண்டு ஒளித்தார். அந்தக் காலத்தில் ரயிலையே கப்பலில் ஏற்றித்தான் கடல் கடப்பார்கள். கப்பல் ஊழியரை எல்லைக் காவலர் என்று நினைத்துக் கப்பலின் நாற்காலிகளுக்குக் கீழே தவழ்ந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு: விண்ணப்பங்கள் படுத்திருக்கும் அலுவலகத்தின் வாசலில் ஒரு கிழவர் நிற்கிறார், பெண்களின் கோட்டுப் போட்டிருக்கிறார், போகமாட்டாராம்.

அப்பாவும் நானும் ரயிலேறினோம். அப்பாவுக்கு அந்தக் கட்டடத்தை ஒருதரமாவது பார்க்க வேண்டும். பொழுதுபட்டுப் போய்ச் சேர்ந்தபோது ஹாரி வாசலில் நிமிர்ந்து நின்றார். இங்கெரின் ரோமக் கழுத்துக் கோட்டு, அதன் மேல் பதக்கங்கள், பையில் எள்ளுருண்டை. அம்மாவை விடுங்கள், அவவுக்குப் பதிலாக என்னைப் பிடித்து அடையுங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கை. தப்புவதில் அனுபவம் இருப்பதால் தனக்கு அது பெரிய சிரமமில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

அப்பா தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி ஹாரியின் கையில் மாட்டிவிட்டார். வாசற்காவலாளி எங்களுக்கும் கோப்பி கொண்டுவந்து, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்:

“சரணடைய வந்திருக்கிறார் எண்டு விளங்குது. ஆனா வெள்ளிக்கிழமை பின்னேரம் சரணை வாங்க இஞ்ச ஒருத்தரும் இல்லையே.”

கதவு

அதன் பிறகு, எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தது வெளியில் வந்து, நாட்டில் பெரிய சத்தம் எழும்பியது. பேப்பர்கள் எழுதின, பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள், அலுமாரி திறந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் இங்கெரின் கோட்டு என்றே ஹாரி நம்பினார். நானும் திருத்தவில்லை.

அம்மா வந்திறங்கின கிழமையே இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலுக்கு அப்பாவின் சப்பாத்து, சேலைக்கு மேலே அப்பாவின் குளிர்ச்சட்டை. ஹாரி எழும்பி நின்று வணக்கம் வைத்தார். சுரங்கமா, வேலியா என்று கேட்டார். அம்மா தான் கொண்டுவந்த எள்ளுருண்டையை நீட்டினா. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இது குண்டோ என்று கேட்டவனுக்கு முன்னால் ஒன்றைத் தின்று காட்டிவிட்டு வந்தவவாம். ஹாரி பழக்கத்தில் அதைச் சட்டைப்பைக்குள் போட்டார். “இஞ்சயே தின்னச் சொல்லு பிள்ளை, இனி எங்க ஓடப் போறார்?” என்றா அம்மா. அவர் எடுத்துக் கடித்தார். மெத்தென்று இருந்தது. கிர்ஸ்டன்கூட ஒன்று எடுத்தார், முதலில் விரலால் அமத்திப் பார்த்துவிட்டு.

ஹாரி போரில் என்னவாக இருந்தவர் என்று அம்மாவுக்கு முதலே சொல்லியிருந்தேன். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேலே இருந்து பார்த்தால் பங்கருக்குள் இருக்கிற ஆளைத் தெரியுமோ என்று கேட்கச் சொன்னா. எனக்குக் கேட்க விருப்பமில்லை. கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டிவிட்டு, இன்னொரு உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தா.

நாங்கள் வந்த வாசல் அதுவரை திறந்தே கிடந்திருக்கிறது. அதைக் கண்ட கிர்ஸ்டன் பூட்டத் திறப்போடு ஓடினார். ஓடும் எண்ணமில்லாமல் ஹாரி ஒரு திறந்த கதவைப் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. திரும்பி இருந்துகொண்டு சொன்னார்:

“எங்கட ஆக்கள் எல்லாரும் வெளியில வந்தாச்சு. இனிக் கதவைப் பூட்டலாம், பிள்ளை. குளிருது.”

இப்போது நான் வேறோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே எல்லாரும் சொன்ன இடத்தில் இருந்து கோப்பி குடிக்கிறார்கள், அதனால் ஒருவருடைய அலுவலும் நடக்கிறதில்லை.