தலை வணங்கிய வாத்துகள்

என் அண்ணி கால்நடை மருத்துவர். மாடு, குதிரை என்று பெரிய பெரிய கனவோடு படித்து வந்தவருக்கு, நகராட்சி ஆஸ்பத்திரியில் வாய்த்ததெல்லாம் பணக்கார வீட்டு நாய்கள்தான். மூக்குக்கு மேல் கோபம் வரும். நாய்களிடம் மட்டும் காட்டமாட்டார்.

அந்தக் கோடையில் பூங்காக் குளம் பாதி வற்றி, மீன்கள் செத்து மிதந்தன. நகராட்சித் தலைவரோ அங்கே புதுப் படகுத்துறையைத் திறக்க நாள் குறித்திருந்தார். "நாத்தம் வெளிய தெரியக்கூடாது" என்று உத்தரவு போட்டார். ஊழியர்கள் மீன்களை நாணல் புதருக்குள் தள்ளி, முன்னால் பூந்தொட்டிகளை அடுக்கினார்கள். சுத்தம் முடிந்தது.

விழாவன்று கரையோரத்தில் வாத்துகள் கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தன.

"பாருங்க, தலைவரைக் கண்டதும் வாத்துகூட தலை வணங்குது!" என்றார் பூங்கா மேலாளர். கைதட்டல் எழுந்தது. தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கூட்டத்தில் இருந்த அண்ணி, கயிற்றைத் தாண்டிப் போய் ஒரு வாத்தைத் தூக்கினார். கால் துவண்டது, இறக்கை தொங்கியது. கண் மட்டும் அவரையே பார்த்தது.

"வணங்கல சார், பொட்டுலிசம். அழுகின மீன்ல ஒரு கிருமி நஞ்சை உண்டாக்கும். அதுல மொய்க்கிற புழுவைத் தின்னா, முதல்ல கால் போகும், அப்புறம் கழுத்து, கடைசியில மூச்சு."

"மீனா? எந்த மீன்?" என்றார் தலைவர். மேலாளர் வானத்தைப் பார்த்தார். "விழா முடியட்டுமே, டாக்டரம்மா" என்றார் தலைவர்.

"நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள இதுங்க முடிஞ்சிடும்."

உயிரோடிருந்தவற்றைக் காரில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார். விஷமுறிவு மருந்து கேட்டு ஃபோன் செய்தால், "வாத்துக்கா?" என்று சிரித்தார்கள். நிழலும் நல்ல தண்ணீரும்தான் மிச்சம். குளியலறையில் வரிசையாகப் படுக்கவைத்து, மெல்லிய குழாய் வழியே வயிற்றுக்குத் தண்ணீர் விட்டார். கோழியைக் கண்டாலே ஒதுங்குகிற என் அண்ணன், வாத்துகளின் தலை சரியாமல் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தான்.

"என்னடி, இது என்னையே முறைக்குது!"

"முறைக்கட்டும். கண்ணை மூடினாத்தான் பயம்."

சில செத்துப்போயின. மற்றவை மெல்லக் கழுத்தைத் தூக்கின. பிறகு குளியலறையையே நாசம் செய்தன.

அவை பிழைத்தது தெரிந்ததும் தலைவரிடமிருந்து ஆள் வந்தது. வாத்துகளைத் தன் கையாலேயே குளத்தில் விட்டுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

"தாராளமா. முதல்ல அந்தப் புதரைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அவர் பக்கத்துல நிக்கணும்."

தொட்டிகளை நகர்த்தி, அழுகல் மொத்தத்தையும் வாரி ஆழமாகப் புதைத்து முடிக்கும்வரை, தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெயிலில் நின்றார். பேப்பரில் வந்த படத்திலும் கைக்குட்டையோடுதான் இருக்கிறார். வாத்துகளின் துயரம் தாங்காமல் கண்ணீர் துடைக்கிறார் என்று அதற்குக் கீழே போட்டிருந்தார்கள்.