பாட்டரி அறையில் தெளித்த தண்ணீர்

தேர்வன்று நடந்தவை, வரிசையாக:

1. திருத்தங்கல் லாரி செட்டில், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியைச் சுவரில் பொருத்திக் காட்ட வேண்டும். என்னிடம் படித்தவர்களில் மூத்தவரின் முறை வந்தது.
2. பொருத்தினார், கம்பி இழுத்தார், எர்த் கொடுத்தார். ஒரு பிழையும் இல்லை.
3. பரிசோதகர், "சுவிட்சைப் போடுங்க" என்றார்.
4. அவர் செருப்பைக் கழற்றினார். ஆசிட் பட்டால் கழுவ வைத்திருந்த வாளியிலிருந்து தண்ணீரை அள்ளித் தரையெங்கும் தெளித்தார்.
5. ஈரக் கையைச் சுவிட்சுக்கு நீட்டினார்.
6. நான் கத்தினேன். பரிசோதகர் மெயினை அணைத்தார்.

பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்துவிட்டு, விருதுநகரில் வயர்மேன்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். லாரியும் பஸ்ஸும் பெருகியதால் பாட்டரி அறை அமைக்கத் தெரிந்த ஆட்களைக் கேட்டார்கள். தண்ணீர் தெளித்த இந்த மூத்தவர் அச்சங்குளத்தில் பட்டாசு மருந்து கலந்தவர். அங்கே நடந்த வெடியில் தம்பி இறந்தார். இவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. தேறினால் அந்த லாரி செட்டிலேயே வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் மறுபடியும் மருந்து அறைதான்.

அவருடைய மனைவி ஒருமுறை வகுப்புக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, இவுக திரும்பவும் அங்கன போகக் கூடாது. எப்படியாச்சும் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மருந்து அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. தரை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த தரையில் சிந்திய மருந்து கால் உரசினாலே தீப்பிடித்துக்கொள்ளும். மின்சாரத்துக்கோ ஈரத் தரையும் வெறுங்காலும்தான் எமன். இவர் தினமும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார்.

"அண்ணாச்சி, கோயிலுக்கா வந்திருக்கீக? தேங்கா பழம் எங்கன?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"சிரிங்கலே. மருந்துல நின்னு பாத்தா தெரியும்" என்பார்.

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கரும்பலகையில் எழுதினேன், அதட்டினேன், ஒருநாள் அழாத குறையாகக் கெஞ்சினேன். அன்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"நீங்க சொல்றது மண்டையில ஏறுது டீச்சரம்மா. காலுல ஏற மாட்டேங்குது. தரை காஞ்சு கெடந்த அன்னைக்குத்தான் எந் தம்பி போனான்."

அதன் பிறகு அவர் செருப்போடுதான் வந்தார். தேறிவிடுவார் என்று நம்பினேன்.

தேர்வில் சுவரைத் துளைத்தபோது உதிர்ந்த காரைத் தூள் காய்ந்த தரையில் சிந்திய மருந்துபோலச் சாம்பல் நிறத்தில் பரவிக் கிடந்தது. சுவிட்சைப் போடச் சொன்னதும் அவர் கண் அங்கே போனதைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் வாளியில் கையை விட்டுவிட்டார்.

"சார், வேலையில ஒரு குறையும் இல்லையே. இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க" என்று பரிசோதகரிடம் மன்றாடினேன்.

"வேலை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்க. நாளைக்கு இவர் தனியா நிப்பாரு. நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

பரிசோதகர் இடத்தில் நான் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அதுதான் என்னைத் தின்றது.

அண்ணாச்சி ஈரத் தரையிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஒங்கள வம்புல மாட்டிவிட்டேனே டீச்சரம்மா" என்றார். வெளியே அவருடைய மனைவி காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சேலை முனையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

லாரி செட்டில் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். மறுதேர்வு கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. தீபாவளி சீசன் தொடங்கிவிட்டது. அண்ணாச்சி அச்சங்குளத்தில் மருந்து கலந்துகொண்டிருக்கிறார்.