தாழியின் மேலே நின்றவன்

காலை ஒன்பது மணிக்குத் தலைநகர் திபிலிசியிலிருந்து கிளம்பினால் போதும், அதற்கு முன்னால் கிளம்புகிறவன் பைத்தியக்காரன் என்பது சுற்றுலா வேன் ஓட்டும் அன்சோரின் கட்சி. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ககேத்திக்கு ஒயின் குடிக்கப் போகிறவனுக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரம்? வழியில் வண்டியை நிறுத்தி அடுப்பு ரொட்டி வாங்கித் தருவான், சூடு ஆறுவதற்குள் பாலாடைக்கட்டியோடு தின்னச் சொல்லுவான். வெறும் வயிற்றில் குடிக்கிற வெள்ளைக்காரன் திரும்பும்போது வண்டியிலேயே வாந்தி எடுப்பான், துடைக்கிறவன் யார்? அப்புறம் மலைமேல் சிக்னாகி ஊர். கோட்டைச்சுவரில் ஏறி ஒரு மணி நேரம் அலசானிப் பள்ளத்தாக்கைப் பார்க்க விடுவான், படம் எடுங்கள் என்று அவசரப்படுத்த மாட்டான். அதன்பின் ஒரே ஒரு வீடு. ஐந்து பண்ணைகளுக்கு இழுத்துக்கொண்டு போய், ஆளுக்கு ஐந்து சொட்டு நக்க வைத்து, இருட்டுவதற்குள் கொண்டுவந்து கொட்டுகிறார்களே, அந்த ஆட்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

"ஒரு வீடு, ஒரு பந்தி, ஒரு தூக்கம். அவ்வளவுதான் ககேத்தி" என்பான். அவனைத் தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

ஆனால் அவன் குடிக்க மாட்டான். வண்டி ஓட்டுகிறவனாயிற்றே என்று வெளிநாட்டார் மெச்சிக்கொள்வார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சாக்கெல்லாம் செல்லுமா? வண்டி இல்லாத நாளிலும் அவன் குடிப்பதில்லை. பதினோரு வருஷமாக ஒரு சொட்டு இல்லை. தம்பி ஜெமால் செத்த நாளிலிருந்து.

அந்த ஒரே வீடு ஜெமாலின் வீடுதான். இப்போது ஜெமாலின் மனைவி லமாரா அதை நடத்துகிறாள். பந்தலடியில் நீளமான மேசை, வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய், திராட்சைக் கொடி விறகில் சுட்ட பன்றிக்கறி. சாப்பாட்டுக்கு நடுவில் விருந்தாளிகளை மதுக்கூடத்துக்கு அழைத்துப்போய், தரையில் வாய்வரை புதைத்திருக்கும் தாழிகளைக் காட்டுவாள். ஆள் நின்றால் தலை தெரியாத ஆழம். திராட்சைச் சாறு அதற்குள்தான் பொங்கி மதுவாகும். மது எடுத்த பிறகு ஒருவன் உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். அதைச் சொன்னதும் விருந்தாளிகள் "ஆபத்தில்லையா?" என்று கேட்பார்கள். கேட்காமல் ஒரு கூட்டமும் போனதில்லை. உடனே லமாரா தன் கதையைச் சொல்வாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. அன்சோர் வரிவரியாக மொழிபெயர்க்க வேண்டும்.

"என் வீட்டுக்காரர் இதோ இந்தத் தாழியிலதான் செத்தாரு. பக்கத்துத் தாழியில புதுச்சாறு பொங்கிட்டு இருந்துச்சு. அந்தக் காத்து கனமானது, பள்ளம் தேடி வழியும், மூச்ச அடைச்சுடும். உள்ள இறங்குறவன் பாடிட்டே இருக்கணும், மேல ஒருத்தன் நின்னு கேட்டுட்டே இருக்கணும். பாட்டு நின்னா கயித்த இழுக்கணும். எங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். இந்த மனுஷன் ரெண்டு கிண்ணம் குடிச்சிட்டு, யார்கிட்டயும் சொல்லாம தனியா இறங்கிட்டாரு. முட்டாள். நல்ல மனுஷன், ஆனா முட்டாள்."

இதை எத்தனை தடவை மொழிபெயர்த்திருப்பான்! நானூறு இருக்கும். "முட்டாள்" என்ற சொல் வரும்போது மட்டும் அவன் தொண்டையைச் செருமிக்கொள்வான். லமாரா அதைக் கவனித்ததில்லை.

ஜெமால் தனியாக இறங்கவில்லை. மேலே நின்றவன் அன்சோர்.

அன்றைக்கு அவர்கள் அப்பாவுக்கு வருஷ நினைவு. பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. மறுநாள் சாறு ஊற்றியாக வேண்டும் என்பதால் அண்ணனும் தம்பியும் யாரிடமும் சொல்லாமல் மதுக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். லமாரா அடுக்களையிலிருந்து கத்தினாள், போனவர் நினைவாகக் கிண்ணம் எடுத்துக் குடிக்கப்போகிறார்கள், மூத்த மகனுக்காக எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள் என்று. அவள் அன்சோர் எங்கே நிற்கிறான் என்று பார்க்கவில்லை, பொதுவாகத்தான் கூப்பிட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அப்பாவுக்கான கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் காத்திருக்க, மூத்தவன் வரவில்லையென்றால் அதைவிட அவமானம் அந்த ஊரில் கிடையாது. அன்சோர் தாழிக்குள் குனிந்து "மேல வாடா, குடிச்சிட்டு வந்துடலாம்" என்றான். ஜெமால் சிரித்தான். "போண்ணே, எனக்கும் சேத்துக் குடி. நான்தான் பாடிட்டு இருக்கேனே, அங்கேருந்தே கேக்கும்." அன்சோரும் போனான். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பேசுகிற பந்தித் தலைவர் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார். எல்லாரும் நின்றபடி, செத்தவர் பங்காக ரொட்டியில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தார்கள். குடித்ததும் ஆண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று குரல் சேர்ந்த பெரிய பாட்டு. பாதியில் விட்டுவிட்டு நகர முடியாது, அடிக்குரல் அவனுடையது. அந்தப் பாட்டு முடிந்தபோதுதான் தாழிப் பாட்டு கேட்கவில்லை என்று அவனுக்கு உறைத்தது.

பாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மேல யார் நின்னா? மேல யார் நின்னா?" என்று லமாரா மாரில் அடித்துக்கொண்டு கேட்டபோது அவன் வாயில் வந்தது ஒரே சொல்: "யாருமில்ல." பயத்தில் வந்த சொல். பிறகு சொல்லலாம் என்று பலமுறை போனான். போகும்போதெல்லாம், மூன்று தடவை கூப்பிட்ட குரல் அவளுடையது என்பது நினைவுக்கு வரும். சொன்னால் அவளும் அதைச் சுமக்க வேண்டும். அவளைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தன் தோலைக் காப்பாற்றிக்கொண்டது அதில் எத்தனை பங்கு என்று அவனுக்கே தெரியாது. பஸ் பணிமனை வேலையை விட்டு, நாற்பத்தேழு வயதில் ஒலிநாடா வைத்து ஆங்கிலம் படித்து, ஒரு பழைய வேன் வாங்கி, அந்த வீட்டுக்கே வாரம் இரண்டு முறை விருந்தாளிகளைக் கொண்டுவந்து கொட்டினான். அதனால் அவள் அடுப்பு எரிந்தது. தம்பி முட்டாளாகவே இருந்தான்.

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். ஜெமாலின் மகன் லாஷா வாசலிலேயே நின்றிருந்தான். இருபத்தாறு வயது, அப்பனைப் போலவே காது விடைத்தவன்.

"பெரியப்பா, இன்னைக்கு நான் இறங்கிக் கழுவிக் காட்டப்போறேன். மேலத்தெரு வீட்டுல காட்டுறாங்களாம், எல்லாரும் அங்கதான் ஓடுறாங்க."

அன்சோர் வண்டிக் கதவைச் சாத்தாமலே கேட்டான். "உங்கம்மா சம்மதிச்சாளா?"

"சம்மதிச்சேன்" என்றாள் லமாரா, கையைத் துடைத்துக்கொண்டே வந்து. "எத்தனை நாளைக்குத்தான் மேலேருந்தே குச்சி விட்டுக் கழுவுறது? அவங்கப்பன் மாதிரி தனியா இறங்கினாத்தானே ஆபத்து? நீ மேல நில்லு. நீ நின்னா எனக்குப் பயமில்ல."

மறுக்க என்ன காரணம் சொல்வான்? மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி அவனே உள்ளே விட்டுப் பார்த்தான். அணையவில்லை, கெட்ட காற்று இல்லை. இன்னொரு தடவை விட்டான். மூன்றாம் தடவையும் விட்டபோது லாஷா சிரித்தான். "பெரியப்பா, பிறந்தநாள் கேக்கா வெட்டப்போறோம்?" லாஷாவின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான் அன்சோர்.

லாஷா இறங்கினான், பாட ஆரம்பித்தான். தாழிக்குள்ளிருந்து வந்த குரல் ஜெமாலின் குரலாகவே இருந்தது. வெள்ளைக்காரர்கள் கைதட்டிப் படம் எடுத்துவிட்டுப் பந்தலுக்குப் போனார்கள். அங்கே பக்கத்து வீட்டுக் குராம் பந்தித் தலைவராக உட்கார்ந்து, அவர்களுக்குப் புரியாத மொழியில் பொளந்துகட்டிக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்தில் குராமின் சத்தம் கேட்டது. "டேய் அன்சோர், வாடா! உன் தம்பிக்குக் கிண்ணம் எடுக்கிறோம்!"

"எடுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

"தாழிக்குள்ள என்ன தங்கமா வெச்சிருக்க? ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போ. பையன் பாடுறது ஊருக்கே கேக்குது."

லமாராவே மதுக்கூட வாசலுக்கு வந்துவிட்டாள். "குடிக்க வேணாம், வந்து நில்லு போதும். ஜெமாலுக்கு எடுக்கிற கிண்ணத்துக்குக் கூடப்பிறந்தவன் எழுந்து நிக்கலைன்னா எப்படி?"

உள்ளே பாட்டு நின்றது. அன்சோர் கயிற்றைச் சுண்டி இழுத்தான். "ஐயோ, இடுப்பு!" என்றான் லாஷா கீழேயிருந்து. "போங்க பெரியப்பா, எனக்கும் சேத்து ஒண்ணு குடிங்க. நான்தான் பாடிட்டு இருக்கேனே, அங்கேருந்தே கேக்கும்."

அதைக் கேட்டதும் அன்சோருக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ!

"போகமாட்டேன்! உங்கப்பனும் இதையேதான்டா சொன்னான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"எப்போ சொன்னாரு?" என்றது தாழி. "அப்பாதான் தனியா இறங்கினாராச்சே?"

அன்சோர் கயிற்றை இழுத்தான். லாஷா ஏணியில் ஏறி வந்து, சேறு வழிகிற காலோடு தாழி விளிம்பில் உட்கார்ந்தான்.

"மேல நான் நின்னேன்" என்றான் அன்சோர். "கிண்ணம் எடுக்கக் கூப்பிட்டாங்க. போயிட்டேன். அங்க பாட ஆரம்பிச்சுட்டாங்க, இவன் பாட்டு எனக்குக் கேக்கல."

லாஷா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பள்ளிக்கூடத்துல எங்கப்பாவ முட்டாள்னு சொல்லிச் சிரிச்சாங்க, பெரியப்பா. அழுதா இன்னும் சிரிப்பாங்கன்னு நானும் சேந்து சிரிச்சேன்."

அன்சோர் கயிற்றைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான்.

லமாரா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் வேறொன்று கேட்டாள்.

"யார் கூப்பிட்டாங்க?"

"என்ன?"

"உன்னைக் கிண்ணம் எடுக்க யார் கூப்பிட்டாங்க?"

"ஞாபகமில்ல. குராமா இருக்கும்."

"குராம் அன்னைக்கு ஊர்லயே இல்ல." அவள் குரல் தாழ்ந்தது. "மூணு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை திட்டிக் கூப்பிட்டேன். ஊரே நிக்குது, மூத்தவனுக்கு வெக்கமில்லையான்னு."

"நீ என்னைக் குறிச்சுக் கூப்பிடல. பொதுவாத்தான்... நானாத்தான் வந்தேன், லமாரா."

"வாய மூடு. பதினோரு வருஷம் பொய் சொன்னது பத்தாதா உனக்கு?"

அவள் முகத்தைத் தலைத்துணியால் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு நடந்தாள். அன்சோரும் பின்னாலேயே போனான், போகாமல் எங்கே போவான்? ஆறு பேரும் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்கள். குராம் இன்னும் குடிக்கச் சொல்லவில்லை. லமாரா மேசைத் தலைமாட்டில் நின்றாள்.

"சொல்லு அவங்களுக்கு" என்றாள். "நான் சொல்றத ஒரு வார்த்தை விடாம சொல்லு."

அவள் ஆரம்பித்தாள். "என் வீட்டுக்காரர் தாழியில செத்தாரு. அவரு தனியா இறங்கல. வழக்கப்படி பாடிக்கிட்டுத்தான் இருந்தாரு. முட்டாள் இல்ல. மேல ஒருத்தன் நின்னான். அவனை நான் பந்திக்குக் கூப்பிட்டேன். அவன் வந்தான்."

அன்சோர் மொழிபெயர்த்தான். "நான் கூப்பிட்டேன்" என்ற இடத்தில் அவன் நின்றுவிட்டான். லமாரா திரும்பிப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, எந்த இடத்தில் நின்றான் என்று அவளுக்குத் தெரிந்தது. "அதையும் சொல்லு" என்றாள். சொன்னான்.

குராம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகளில் ஒருத்தி நியூசிலாந்துக்காரி, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ரொட்டியில் சொட்டு விடுவதைக் காலையில் வண்டியில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள் போலிருக்கிறது, கவனமாக இரண்டு சொட்டு விட்டாள். பிறகு அன்சோரிடம் மெதுவாக ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குறா?" என்றாள் லமாரா.

அன்சோர் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மேல நின்னவன் என்ன ஆனான்னு கேக்குறா."

லமாரா ரொட்டியைப் பிட்டு அந்த நர்ஸின் தட்டில் வைத்தாள்.

"வண்டி ஓட்டுறான்னு சொல்லு."

அன்சோர் சொன்னான்.